ஈசானிய மூலைப் பந்தக்கால்

அக்டோபர் 22, புதன்

புல்லின் உயரம் இருபத்தைந்து மில்லிமீட்டர். காலையில் தண்ணீர் விட்டேன். தீபாவளி ராக்கெட் குச்சிகள் பதினேழு பொறுக்கினேன்.

இவ்வளவு எழுதினால் போதும் என்றுதான் நகராட்சிப் பொறியாளர் குமரகுருபரன் சார் இந்த டைரியைக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. சட்டியில் ஒட்டிய சோற்றையே வீணாக்காதவள் நான், இவ்வளவு காகிதத்தை எப்படிச் சும்மா விடுவேன்? அதனால் கொஞ்சம் தாராளமாகவே எழுதுகிறேன்.

என் பெயர் சகாயமேரி. வயது ஐம்பத்து மூன்று. இருபது வருடம் தோட்டக்கலைப் பண்ணையில் நாற்று வளர்த்தவள். இப்போது செங்குளத்தின் புதிய கால்பந்து மைதானத்தில் புல் வளர்க்கிறேன். மைதானம் திறந்து ஐந்து மாதம் ஆகிறது. புல்லின் பெயர் பெர்முடா என்று சார் மரியாதையாகச் சொல்வார். பார்த்தால் நம் அருகம்புல்லின் பெரியப்பா மகள் என்று யாருக்கும் தெரியும். பிள்ளையாருக்கு ஒரு பிடி கேட்டு வெள்ளிக்கிழமை தவறாமல் ஆள் வருகிறது.

பந்து மட்டும் ஆடினால் வாரத்தில் ஆறு நாள் மைதானம் சும்மா கிடக்கும், மற்ற நிகழ்ச்சிகளுக்கும் கொடுக்கலாம் என்று நகராட்சியில் முடிவு செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரே கூட்டம். யோகா சங்கம் வந்தது. மகள் வரவேற்புக்கு இடம் கேட்டு ஒருவர் வந்தார். நேற்று ஒரு பெரியவர் வந்து, "மக்காச்சோளம் ரெண்டு நாளைக்குக் காயப் போட்டுக்கிறேம்மா. ரோட்டுல போட்டா லாரிக்காரன் ஏத்திட்டுப் போயிர்றான்" என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

கச்சேரி உறுதியாகிவிட்டது. நவம்பர் 8, சனிக்கிழமை. சென்னையிலிருந்து பெரிய பாடகர் வருகிறார். நடத்துபவர் வடமலை. வர்த்தகர் சங்கத் தலைவர், பந்தல் போடுவது தொழில். இந்த ஊரில் அவர் கை படாத பந்தல் கிடையாது.

எனக்குக் கச்சேரி மேல் பகை இல்லை. புல் மேல் பாசம், அவ்வளவுதான். புல்லின் மேல் பிளாஸ்டிக் பலகை விரிப்பார்கள். இரண்டு நாளுக்குள் எடுத்துவிட்டால் புல் முகம் வாடும், ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். 16ஆம் தேதி மகளிர் லீக் அரையிறுதி இங்கே நடக்கிறது. இடையில் எட்டு நாள் இருக்கிறது, போதும் என்று கையெழுத்துப் போட்டேன்.

அப்படி ஓர் ஆட்டம் எங்கள் ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. எங்கள் அணியின் கேப்டன் அழகுமீனா. பகலில் மருந்துக்கடையில் வேலை, காலை ஆறு மணிக்கு இங்கே பயிற்சி. என் புல்லில் செருப்போடு கால் வைக்காத பெண். அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

கச்சேரிக்கு மைக் செட் யார் என்று கேட்டால் சிரிப்பு வரும். என் வீட்டுக்காரர் செபஸ்தியான்தான். இவ்வளவு பெரிய நிகழ்ச்சி இவருக்குக் கிடைத்துப் பல வருடம் ஆகிறது. இரண்டு நாளாக வீட்டில் விசில் சத்தம். ஸ்பீக்கர் ஸ்டாண்டைப் புல்லில் வைத்தால் இரவுச் சோறு கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். "சரிங்க மேடம்" என்கிறார்.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசைக்குப் போன நேரம் பார்த்து வேலையைக் காட்டிவிட்டார்கள்.

எட்டரைக்கு மாதா கோவிலிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்தேன். வடகிழக்கு மூலையில் சின்னக் கூட்டம். கிட்டப் போய்ப் பார்த்தால் பந்தக்கால்! மஞ்சள் துணி, மாவிலை, சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து ஆள் உயரத்துக்கு ஒரு கல்யாண முருங்கைக் கம்பு. கார்னர் கொடியிலிருந்து ஒரு கை தூரம். கடப்பாரை போட்டு ஒன்றரை அடிக் குழி தோண்டியிருக்கிறார்கள். என் வயிற்றில் தோண்டியது போல இருந்தது.

"ஏப்பா வடமலை, என்னப்பா பண்ணி வச்சிருக்க?"

"பந்தக்கால் நட்டிருக்குக்கா. ஏழரை எட்டரை நல்ல நேரம்."

"இது கார்னர்ப்பா. இங்க வச்சுத்தான் பந்து அடிப்பாங்க."

"எனக்கு இது ஈசானிய மூலைக்கா. எந்த விசேஷமா இருந்தாலும் அங்கதான நடணும்? நான் என்ன இன்னைக்கு நேத்தா நடுறேன்?"

முப்பது வருடமாக இதே பொட்டலில் பந்தல் போட்ட மனிதர். புல் வந்தாலும் அவர் கண்ணுக்கு இது பொட்டல்தான்.

"எட்டாந்தேதி விசேஷம். ஒம்பதாந்தேதி காலைல நானே வந்து எடுத்துர்றேன். அம்புட்டுத்தேன்" என்றார்.

பால் ஊற்றிய ஐந்து சுமங்கலிகளில் ஒருத்தி பஞ்சவர்ணம், அழகுமீனாவின் அம்மா. "கோவிச்சுக்காதீங்க மதினி, சந்தனம் எடுத்துக்கங்க" என்று கிண்ணத்தை நீட்டினாள். சந்தனத்தைப் பூசிக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? வந்துவிட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

குழியைச் சுற்றி மண்ணை மிதித்துச் சரிசெய்தேன். ஒன்பதாம் தேதிவரை பொறுப்பது என்று முடிவு.

நவம்பர் 1, சனி

புல் நன்றாக இருக்கிறது. களை இரண்டு கூடை.

சாயங்காலம் இவர் கச்சேரிக்கான மைக்குகளை எல்லாம் எடுத்து வாசலில் பரப்பித் துடைத்தார். சிவப்பு நாடா கட்டிய பழைய மைக்கும் அதில் இருந்தது. அதை யாருக்கும் வாடகைக்கு விடமாட்டார். கேட்டால் ரிப்பேர் என்பார். ரிப்பேரான மைக்கைச் சனிக்கிழமைதோறும் எதற்குத் துடைக்க வேண்டும்? சிலருக்கு அப்படி ஒரு பழக்கம்.

அது நான் பாடிய மைக். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். குள்ளமாக இருக்கிறேன் என்று மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தவர்தான் இவர். இறக்கி இறக்கித் தாலி கட்டுவதில் வந்து நின்றது. பதினோரு வருடத்துக்கு முன்னால் என் கழுத்தில் இருந்த ஒரு கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் பாடினேன். உச்சத்துக்குப் போன இடத்தில் குரல் உடைந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அத்தோடு விட்டேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. புல் யாரையும் பாடச் சொல்லிக் கேட்பதில்லை, அதனால்தான் புல்லோடு எனக்கு ஒத்துப்போகிறது.

நவம்பர் 5, புதன்

மழை.

நவம்பர் 6, வியாழன்

மழை. வடிகால் நன்றாக வேலை செய்கிறது. தண்ணீர் ஓர் இடத்தில்கூடத் தேங்கவில்லை. குமரகுருபரன் சார் குடையோடு வந்து பார்த்து, "சகாயம்மா, நம்ம மைதானம் ஜெயிச்சிருச்சு" என்றார். மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. மழைத்தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

கச்சேரியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். மேடை போட முடியாதாம். பாடகருக்கு அடுத்த தேதி 29தான் ஒழிவாம்.

இவர் கட்டிவைத்த வயர்களை எல்லாம் மறுபடி அவிழ்த்தார். விசில் இல்லை. பாவமாக இருந்தது. இரவுக்கு முட்டைக்குழம்பு வைத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கச்சேரி 29. ஆட்டம் 16. அப்படியானால் பந்தக்கால்?

நவம்பர் 8, சனி

வடமலை கையை விரித்துவிட்டார்.

"விசேஷம் முடியாம பந்தக்காலப் புடுங்குறதாக்கா? கேட்டாலே பாவம். அஞ்சு சுமங்கலி கை வச்சு நட்டது."

"அப்ப மேட்ச் எப்படிப்பா நடக்கும்?"

"ஒரு கம்புதான? ஓரமாத்தான நிக்கிது? சுத்தி ஆடச் சொல்லுங்க."

கம்பைச் சுற்றிக் கால்பந்து ஆடச் சொல்லும் மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

நவம்பர் 10, திங்கள்

பந்தக்கால் துளிர்த்துவிட்டது.

கல்யாண முருங்கை அல்லவா, மழை குடித்ததும் கணுவுக்குக் கணு பச்சை விட்டிருக்கிறது. அடியில் போட்ட நவதானியமும் முளைத்துப் பயறு ஒரு பக்கம், எள் ஒரு பக்கம் எட்டிப் பார்க்கிறது. என் பெர்முடாவுக்குள் ஒரு குட்டித் தோட்டம். நாற்று வளர்த்த கை, பார்த்ததும் ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் கோபம் வந்தது.

செய்தி பரவி, மத்தியானத்துக்குள் பத்துப் பேர் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். துளிர்த்த பந்தக்காலைத் தொடுவது மகாபாவமாம். முந்தாநாள் அது வெறும் பாவமாகத்தான் இருந்தது.

நவம்பர் 12, புதன்

காலையில் ஆறு மணிக்கு முன்பே போனேன். யாரும் இல்லை. "நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு என்ன தோஷம்? புடுங்கிப் போட்ருங்கக்கா" என்று இரண்டு பேர் காதில் ஓதியிருந்தார்கள். சரி, பழி என்னோடு போகட்டும் என்று கம்பை இரண்டு கையாலும் பிடித்தேன். முள் குத்தியது.

என்னால் இழுக்க முடியவில்லை. பலம் இல்லாமல் அல்ல. பால் ஊற்றிய ஐந்து பேரையும் எனக்குத் தெரியும். நாளைக்கு அவர்களில் யார் வீட்டுக்காரருக்காவது ஒரு தும்மல் வந்தால்கூட அவள் இந்தக் கம்பைத்தான் நினைப்பாள். பஞ்சவர்ணத்தின் புருஷனுக்கு ஏற்கனவே நெஞ்சுவலி வந்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தால் அழகுமீனா ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"நானும் நேத்து இதே மாதிரி புடிச்சுப் பாத்தேன் அத்தை" என்றாள். "அம்மா மொகம் ஞாபகம் வந்துருச்சு."

அவள் பயிற்சிக்குப் போனாள், நான் களை பிடுங்கப் போனேன்.

நவம்பர் 14, வெள்ளி

லீக்கிலிருந்து அதிகாரி ஆய்வுக்கு வந்தார். புல்லில் முழங்கால் போட்டு, கையால் தடவிப் பார்த்து, "பிரமாதம்" என்றார். நான் ஒரு சாண் வளர்ந்துவிட்டது போல இருந்தது. அப்படியே நடந்து மூலைக்கு வந்தார். நின்றார்.

"என்னம்மா இது, மரமா?"

வடமலை, சார், நான் எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் விதி விதிதான்.

"நாளைக்குப் பகல் பன்னெண்டு மணிக்குள்ள இங்க கொடிக்கம்பு மட்டும்தான் நிக்கணும். இல்லன்னா ஆட்டத்த எதிரணியோட ஊருக்கு மாத்திருவோம்."

அவர் போனபிறகு அழகுமீனா என்னிடம் வந்தாள்.

"அத்தை, எங்கம்மா நான் ஆடி ஒரு தடவகூடப் பாத்ததில்ல. பஸ் ஏறுனா வாந்தி. எந்த ஊருக்கும் வர முடியாது. எட்டு வருசமா ஆடுறேன். இங்க நடந்தாத்தான் பாக்கும்."

அந்தப் பஞ்சவர்ணம் கையால் பால் ஊற்றி நட்ட கம்பு, அவள் மகளின் ஆட்டத்தை அவள் பார்க்கவிடாமல் நிற்கிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பொறியாளர் அறையில் கூடினோம். பந்தக்காலுக்கு நேரம் குறித்துக் கொடுத்த ஐயரிடம் வடமலை போனில் பேசினார். வடமலையும் பாவம், வருத்தத்தில்தான் இருக்கிறார்.

"விசேஷம் நடந்து முடிஞ்சா தாராளமா எடுக்கலாமாம். அதுக்கு முன்ன கூடாதுங்கிறார்."

"விசேஷம் இருபத்தொம்பதுல்ல?" என்றார் சார்.

மூலையில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்த இவர் தலையைத் தூக்காமலே, "கச்சேரின்னா எம்புட்டுப் பெருசா இருக்கணும்னு ஐயரு சொன்னாரா?" என்று கேட்டார்.

எல்லோரும் இவரைப் பார்த்தோம். வடமலை மறுபடி போன் போட்டார். ஒரு நிமிடம் கழித்து முகம் மலர்ந்து, "ஒரு பாட்டுன்னாலும் கச்சேரிதானாம்! விளக்கேத்தி, சபை கூடி, மைக்குல பாடணும். நாளைக்கு ஒம்பதுல இருந்து பத்தரை ராகு காலம். அதுக்கப்புறம் பாடி முடிச்சிட்டா உடனே எடுக்கலாம்" என்றார்.

பாடுவது யார்? ஊரிலிருக்கும் இரண்டு குழுவும் வெளியூர்க் கோவில் திருவிழாவில் இருக்கின்றன. அழகுமீனாவின் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களே தவிர யாரும் முன்வரவில்லை. இவர் சுற்றி முடித்த வயரை அவிழ்த்து மறுபடி சுற்ற ஆரம்பித்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

"நானே பாடித் தொலைக்கிறேன்" என்றேன்.

அழகுமீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன், அதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

நவம்பர் 15, சனி

இன்று செங்குளம் புதிய கால்பந்து மைதானத்தில் முதல் இன்னிசைக் கச்சேரி நடந்தது. பாடகி சகாயமேரி. நேரம் காலை பத்து நாற்பது.

சபைக்கு நாற்பது பேர் இருப்பார்கள். கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஸ்பீக்கரும் கோட்டுக்கு வெளியே. நான் மட்டும் வெறுங்காலோடு பந்தக்கால் பக்கத்தில். புல்லில் ஈரம் இருந்தது. பஞ்சவர்ணமும் மற்ற நான்கு பேரும் குத்துவிளக்கு ஏற்றினார்கள். லீக் அதிகாரி கையில் அளவு நாடாவோடு ஓரமாக நின்றார்.

இவர் மைக்கைக் கொண்டுவந்தார். சிவப்பு நாடா. என் உயரத்துக்கு இறக்கினார்.

"இது ரிப்பேருல்ல?" என்றேன்.

"பேசிப் பாரு."

"ஹலோ" என்றேன். மைதானம் முழுக்கக் கேட்டது. நாலாயிரம் காலி நாற்காலிகளும் திரும்பி ஹலோ சொன்னது போல இருந்தது. ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அன்றைக்குக் கல்யாண வீட்டில் உடைந்த அதே பாட்டைத்தான் எடுத்தேன். வேறு எதுவும் ஞாபகத்தில் இல்லை. முதல் சரணம் தாண்டியது. அந்த உச்சம் வந்தது. குரல் மேலே ஏறவில்லை. கீழேயே நின்றுகொண்டது. சரி, நீ இருக்கிற இடத்திலேயே பாடுவோம் என்று கீழேயே பாடினேன். அதுவும் ஒரு மாதிரி நன்றாகத்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அழகுமீனாவின் பெண்கள் தாளம் போட்டார்கள். பஞ்சவர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்த இவர் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ திருகிக்கொண்டே இருந்தார். அதில் திருகுவதற்கு அவ்வளவு குமிழ்கள் கிடையாது.

பாட்டு முடிந்ததும் வடமலை, "கச்சேரி சிறப்பா நடந்து முடிஞ்சிருச்சு!" என்று சத்தமாக அறிவித்தார். ஐந்து பேரும் கம்பைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவர் இழுத்தார். வரவில்லை. வேர் விட்டிருக்கிறது!

"தள்ளுப்பா" என்று நான் உட்கார்ந்து, சுற்றி மண்ணைக் கையால் விலக்கி, வேர் அறாமல் எடுத்தேன். நாற்று எடுக்கத் தெரிந்தவளுக்கு இது பெரிய வித்தையா? குழியில் மணல் போட்டு இறுக்கி, பயிற்சி இடத்திலிருந்து ஒரு முழம் புல்லைப் பெயர்த்து ஒட்டுப் போட்டேன். பதினொன்று ஐம்பதுக்கு அதிகாரி தலையாட்டினார்.

நவம்பர் 16, ஞாயிறு

மூவாயிரம் பேருக்கு மேல் கூட்டம்.

எழுபதாவது நிமிடம்வரை கோல் இல்லை. அப்புறம் எங்களுக்கு ஒரு கார்னர், அதுவும் அந்த மூலையில். அழகுமீனா பந்தை வைத்தாள். ஊன்றுகால் என் ஒட்டின் மேல்தான் விழும். ஒரே நாள் ஒட்டு, வேர் பிடித்திருக்காது. மாதாவே, கிளம்பிவிடக் கூடாதே என்று என் கண் அந்த ஒரு முழத்தை விட்டு நகரவில்லை. ஓடி வந்தாள், ஊன்றினாள், அடித்தாள். ஒட்டு அசையவில்லை.

பந்து வளைந்து நேராகக் கோலுக்குள் போய்விட்டது என்பது கூட்டம் கத்தியபிறகுதான் எனக்குத் தெரியும். என்னைப் போலக் கோலைப் பார்க்காத இன்னோர் ஆள் பஞ்சவர்ணம். அவள் பயத்தில் கண்ணை மூடியிருந்தாள். "என்ன மதினி ஆச்சு, என்ன ஆச்சு?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். "உன் மக ஜெயிச்சிட்டாடி" என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம்.

ஒன்றுக்குப் பூஜ்யம்.

நவம்பர் 18, செவ்வாய்

கல்யாண முருங்கையை மைதானத்துக்கு வெளியே, டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நட்டேன். அதுவும் வடகிழக்குதான், வடமலையே திசை பார்த்துச் சொன்னார். இனி இந்த மைதானத்தில் எந்த நிகழ்ச்சி என்றாலும் இதுதான் பந்தக்கால். மஞ்சள் துணி கட்டலாம், பால் ஊற்றலாம், யாரும் கடப்பாரையோடு உள்ளே வரவேண்டாம். சார் அதை நகராட்சி விதியாகவே எழுதிவிட்டார்.

மக்காச்சோளப் பெரியவர் மறுபடி வந்தார். டீ கொடுத்தேன்.

நவம்பர் 27, வியாழன்

நாளைக்குப் பலகை விரிக்கிறார்கள். புல்லின் உயரம் இருபத்தைந்து மில்லிமீட்டர். ஒட்டு போட்ட இடம் எது என்று எனக்கே தேடத்தான் வேண்டியிருக்கிறது. வெளியே நட்ட கம்பில் புதிதாக நான்கு இலை.

29ஆம் தேதிக் கச்சேரியில் முதலில் ஒரு பாட்டு நான் பாடவேண்டும் என்று வடமலை வந்து நின்றார். பெரிய பாடகர் இருக்கும் மேடையில் எனக்கு என்ன வேலை என்று கண்டிப்பாக மறுத்துவிட்டேன்.

சாயங்காலம் இவர் அந்தச் சிவப்பு நாடா மைக்கைப் பெட்டியில் எடுத்து வைத்தார்.

"பதினொரு வருசமா ரிப்பேருன்னு சொன்னீங்களே, அன்னைக்கு எப்படிங்க பாடுச்சு?" என்று கேட்டேன்.

"ரிப்பேரு மைக்குலதான்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றார்.

அரக்குப் பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை காலைக்குள் வேண்டும் என்று சொன்னேன். கிறிஸ்துமஸ் வருகிறது அல்லவா, அதற்குத்தான்.